அஞ்சலையின் முதுகும் என் கத்தியும்

1. என் கெட்டிக்காரத்தனம்

ஸ்டூடியோவில் சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு கிழவியின் தழும்பைக் கத்தியால் சுரண்டி எடுத்தேன். பதற வேண்டாம், கண்ணாடி பிளேட்டிலிருந்துதான்.

இன்று படம் பிடிக்கிறவர்களுக்கு எங்கள் வேலையைச் சொன்னால்தான் விளங்கும். அன்று படம் விழுவது பிளேட்டில். அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் சுருக்கங்களை நிரப்புவதற்கு ரீடச்சிங் என்று பெயர். படத்தில் வெளுப்பாகத் தெரியும் தழும்பு பிளேட்டில் கறுப்பாக இருக்கும். அதைக் கத்தியால் சுரண்ட வேண்டும். பென்சிலைத் துடைத்துவிடலாம். கத்தி பட்டது பட்டதுதான். அம்மை வடு விழுந்த எத்தனையோ மாப்பிள்ளைகளை மொழுமொழுவென்று ஊருக்கு அனுப்பிவைத்தவன் நான். கல்யாணப் பந்தலில் அவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது.

முதலாளி நாகூரிலிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவர். மரைக்காயர் என்போம். நார்த் பிரிட்ஜ் ரோட்டில் ஒரு மாடியில் கண்ணாடிக் கூரை போட்டு ஸ்டூடியோ வைத்திருந்தார். டவுனில் வெள்ளைக்காரர்கள் நடத்தவிருந்த படக் கண்காட்சியில், கலைப் படங்களுக்கு நடுவே தன் படமும் தொங்க வேண்டும் என்பது அவர் ஆசை. "எல்லாரும் சின்னப் பொண்ணையும் தென்னை மரத்தையும் அனுப்புவானுங்க. நாம வயசான உடம்பை அனுப்புவோம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

சிராங்கூன் ரோட்டில் பால் விற்ற அஞ்சலை அவர் கண்ணில் பட்டாள். எழுபதை நெருங்கியவள், ரவிக்கை போடாத தலைமுறை. தலையில் குடத்தோடு அவள் நடந்துபோன அழகைப் பார்த்து நின்றதில் ஒரு ரிக்ஷா மரைக்காயர்மேல் ஏறப் பார்த்தது. மறுநாளே அவளை ஸ்டூடியோவுக்கு வரவழைத்துவிட்டார்.

"மூஞ்சி வேணாமா? முதுகு மட்டுமா? புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா மொதலாளி?"

"பக்கவாட்டுல வெளிச்சம் விழுந்தா, உங்க முதுகு மாதிரி ஒரு முதுகு இந்த ஊர்லயே கிடையாது ஆச்சி."

"இதை எம் புருஷன் இருக்கும்போது சொல்லியிருக்கணும். உங்களுக்கு இருந்திருக்கு!"

சொல்லிவிட்டு யோசித்தாள். பிறகு கேட்டாள்: "முதுகுல ஒரு தழும்பு இருக்கணுமே. அது விழுமா?"

சிறுமியாக இருந்தபோது பசுவின் கயிறு அவிழ்ந்து, கொம்பு அவள் தோளுக்குக் கீழே கிழித்திருக்கிறது. அவிழ்த்துவிட்டவள் அக்கா. அடி வாங்கியவள் அஞ்சலை. "நான் அவுக்கல. உம் முதுகுல தழும்பும் கிடையாது, சும்மா சொல்றே" என்று அக்கா அறுபது வருடமாகச் சாதித்துவந்தாள். அஞ்சலையோ தன் முதுகைத் தானே பார்த்ததில்லை. இப்போது மாயவரம் பக்கத்தில் அக்கா படுத்த படுக்கையாகக் கிடப்பதாகக் கடிதம் வந்திருந்தது.

"அவ கண்ணை மூடுறதுக்குள்ள இதைப் பாக்கணும். ஒரு படம் அவளுக்கு அனுப்புறதா இருந்தா உக்காருறேன்" என்றாள். மரைக்காயர் தலையாட்டினார்.

இந்தப் பேச்சு எதுவும் என் காதில் விழவில்லை. நான் என் மேசையில் யாரோ ஒரு செட்டியாரின் கழுத்துச் சதையைக் குறைத்துக்கொண்டிருந்தேன். மாலையில் அஞ்சலையின் பிளேட் என் மேசைக்கு வந்தது. ரீடச்சிங் வேண்டாம் என்று மரைக்காயர் சொல்லவில்லை. அதையும் சொல்லித் தொலைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தேன். சுருக்கம் எல்லாம் போயிற்று. தழும்பும் போயிற்று. பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். முப்பது வயதுப் பெண்ணின் முதுகு. எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

2. அஞ்சலை பார்த்தாள்

மரைக்காயர் பிரிண்டைப் பார்க்கும் முன்பே அஞ்சலை வந்துவிட்டாள். பெருமையாக நானே அவள் கையில் கொடுத்தேன். அப்படியும் இப்படியும் திருப்பினாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

"அப்ப அக்கா சொன்னதுதான் நெசமா மொதலாளி? தழும்பே இல்லையா?"

பின்னால் நின்று எட்டிப் பார்த்த மரைக்காயர் முகம் பேயறைந்ததுபோல ஆயிற்று. அப்போதுதான் என்னைத் தனியே இழுத்து விஷயம் முழுவதையும் சொன்னார். பேசாமல் இருந்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும், கிழவி நம்பிக்கொண்டு போயிருப்பாள். ஆனால் அவள் பிரிண்டைக் கண்ணருகே கொண்டுபோய்த் தழும்பை மறுபடி தேடுவதைப் பார்த்தபின் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

"தழும்பு இருந்துச்சு ஆயா. நான்தான் சுரண்டிட்டேன்."

"ஏன்டா?"

"அழகா இருக்கட்டும்னு..."

"பால்ல ஒரு சொட்டுத் தண்ணி இருந்தா முனிசிபல் ஆளு என்னைக் கோர்ட்டுக்கு இழுக்கிறான். நீ எம் முதுகுல குடம் குடமா ஊத்தியிருக்கியே, உன்னை எவன் இழுக்கிறது?"

மரைக்காயர் சிரித்துவிட்டார். என் வேலை பிழைத்தது அந்தச் சிரிப்பில்தான்.

3. இரண்டாம் முறை

மறுபடி உட்கார அவள் ஒரு நிபந்தனை போட்டாள். நான் மேசையை விட்டு எழுந்து வந்து, கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, தெரிவதைச் சொல்ல வேண்டும்.

"தழும்பு இருக்கா?"

"இருக்கு ஆயா. பிறை மாதிரி, ஒரு விரல் நீளம்."

"இன்னும்?"

குடம் சுமந்து இறுகிய தோள், தளர்ந்து மடிந்த இடுப்பு, கழுத்துக்குக் கீழே நெல் வயலின் வரப்பு மாதிரி சுருக்கங்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன். பிளேட்டில் பழுதென்று எண்ணி நான் மூடிய ஒவ்வொன்றும் அந்த வெளிச்சத்தில் அழகாக இருந்தது. மரைக்காயரைப் பார்த்து மனசுக்குள் சிரித்ததற்காக என்னை நானே நொந்துகொண்டேன்.

"போதும்டா, கண்ணு படப் போவுது" என்றாள் அஞ்சலை.

அந்தப் படத்தைக் கண்காட்சியில் கதவோரம் மாட்டினார்கள். ஒரு வெள்ளைக்காரத் துரைசானி அரை மணி நேரம் அதன் முன் நின்றதாக மரைக்காயர் சொல்லித் திரிந்தார். நானும் கூட இருந்தேன். ஐந்து நிமிடம் இருக்கும். பரிசு தென்னை மரத்துக்குப் போனது.

அஞ்சலையின் பரிசு நாகப்பட்டினம் கப்பலில் வந்தது. படிக்கத் தெரியாததால் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தாள். அக்கா யாரையோ கொண்டு எழுதியிருந்தாள்: 'படம் கிடைத்தது. கயிற்றை அவிழ்த்துவிட்டது நான்தான்.' அந்த வரியை மூன்று முறை படிக்கச் சொன்னாள். மூன்றாம் முறை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "பாவி, இதைச் சொல்ல இத்தனை வருஷமா?" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "திருப்பி எழுது. வலிக்கவேயில்லன்னு எழுது" என்றாள்.

எழுதினேன்.

அதன்பின் வயதான பெண்கள் யார் வந்தாலும், கத்தியைத் தொடுமுன் மேசையை விட்டு எழுந்துபோய், "எதை விடணும், எதை எடுக்கணும்?" என்று கேட்பது என் வழக்கமாயிற்று. முக்கால்வாசிப் பேர், "எல்லாத்தையும் எடுத்துடு தம்பி" என்றார்கள். எடுத்தேன். ஆனால் கேட்டுவிட்டு எடுத்தேன்.