டீ கேட்ட குரோட்டன்ஸ் செடி

கல்யாணமாகி நான் சிவகாசிக்கு வந்த புதுசில் என் வீட்டுக்காரருக்கு என்னைக் கூப்பிடத் தெரியாது. பேர் சொல்ல வெட்கம். வாசல் அறையில் அவருடைய காலண்டர் ஆர்டர் ஆபீஸ், பின்கட்டில் அடுப்படி, நடுவில் மாமனாரும் மாமியாரும். டீ வேண்டுமென்றால் இருமுவார். மாமியார் முந்திக்கொண்டு கஷாயம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்.

ரேடியோவைக் கழற்றி மாட்டுவதில் அவருக்குப் பைத்தியம். ஒருநாள் ஆபீஸ் மேஜையோரம் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியின் ஈர மண்ணில் ஒரு கம்பியைச் செருகினார். அதைச் சுவரோரமாக இழுத்து வந்து, அடுப்படிக்குப் பக்கத்தில் இருந்த ரேடியோவின் முதுகில், கிராமபோன் ஒயரைச் செருகுவதற்கான துளையில் மாட்டினார். எப்போதும் லேசாக முனகிக்கொண்டிருந்த ரேடியோ, அங்கே அவர் இலையைத் தொட்டதும் இங்கே உறுமியது. நம் உடம்பு தொடுவதைச் செடி வாங்கி ரேடியோவுக்குச் சொல்கிறது என்று பெரிதாக விளக்கினார். எனக்குப் புரிந்தது, ஒரு உறுமலுக்கு ஒரு டீ.

பகலெல்லாம் ரேடியோ அவர் விரலுக்காகக் காத்துக் கிடந்ததால் வீட்டில் பாட்டு நின்றுபோனது. மாமியார் நாள் முழுக்கப் புலம்பினார்.

ஒருநாள் மல்லாங்கிணறிலிருந்து மாமியாரின் தம்பி வந்தார். சம்சாரி, காடுகரையில் வெள்ளாமை பார்க்கிறவர். செடியைக் கண்டால் சும்மா இருக்கமாட்டார். ஆபீசுக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். இங்கே ரேடியோ விடாமல் உறுமியது. பெரிய கூட்டம்தான் வந்திருக்கிறதென்று நான் தட்டு நிறைய டீயோடு ஓடினேன். வந்திருந்தது அவர் ஒருவர்தான்.

"வந்து இன்னும் உக்காரலை, அதுக்குள்ள அம்புட்டு டீயா? மாப்ளே, மகராசியால்ல கட்டியிருக்க" என்றார். அத்தனையையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். ஊருக்குப் போய் என் உபசாரத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசினாராம். என் வீட்டுக்காரர் உண்மையைச் சொல்லவில்லை. நானும்தான்.

கோடையில் குழாய்த் தண்ணீர் நின்றது. மண் காய்ந்ததும் உறுமல் முனகலானது, பிறகு அதுவும் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு குடம் தூக்காத மனிதர், செம்போடு வந்து அம்மாவிடம் செடிக்குத் தண்ணீர் கேட்டார்.

"ஏலே, குடிக்கவே காணோம்" என்று மாமியார் விரட்டினார்.

என் வீட்டுக்காரர் சோப்புப் போட்டு முகம் கழுவிய தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். இலைகள் எல்லாம் உதிர்ந்தன.

மறுநாள் மத்தியானம் அடுப்படி வாசலில் வந்து நின்றார். வந்தது தெரிந்தும் நான் திரும்பவில்லை.

"இந்தா..." என்றார். நாலு வீட்டுக்குக் கேட்டதுபோல முகம் சிவந்துவிட்டது. "ரெண்டு டீ."

"யாரு வந்திருக்காக?"

"யாரும் வரலை. ஒனக்கும் சேத்துத்தான்."

அங்கேயே நின்று குடித்தார். சர்க்கரை போட மறந்திருந்தேன். கடைசி மடக்கு வரைக்கும் குடித்துவிட்டுத்தான் அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.