குந்தக் கூடாது

சத்துணவுக் கூடத்தில் குழம்புக் குண்டானை இறக்கப் போனபோது தரை ஈரமாக இருந்தது. வழுக்கி விழுந்தேன். குழம்பு மேலே கொட்டாமல் போனதே பெரிய காரியம் என்று எல்லோரும் சொன்னார்கள். வலது இடுப்பு முறிந்திருந்தது. கட்டுப் போடுகிற வைத்தியரிடம் பல மாதம் கிடந்தும் எலும்பு கூடவில்லை. கடைசியில் பட்டணத்து ஆஸ்பத்திரியில் இடுப்பு மூட்டையே எடுத்துவிட்டு வேறு மூட்டு வைத்தார்கள். தொண்ணூற்றொன்றாம் வருஷம் கோடை முடிகிற சமயத்தில் பிள்ளைப்பாக்கத்துக்குத் திரும்பினேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "குந்தக் கூடாது. சம்மணம் போடக் கூடாது. தாழ்வா எதுலயும் உக்காரக் கூடாது. ஆனா தினம் நடக்கணும்."

கட்டிலில் படுத்தபடி கேட்டபோது சுலபமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, நான் பிழைத்த பிழைப்பெல்லாம் தரையில் என்று. அடுப்பு தரையில், அரிவாள்மணை தரையில், சாப்பாடு தரையில். வெளிக்குப் போவது ஏரிப் பக்கத்து முள்காட்டில்.

என் வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். பழைய மர நாற்காலி ஒன்றை நடுவில் அறுத்து ஓட்டை போட்டு, கொல்லையில் ஓலைத் தடுப்புக்குள் வைத்தார். கீழே ஒரு வாளி. ஷிப்டு முடிந்து வந்ததும் அதை அவர்தான் எடுத்துப் போய்க் கொட்டினார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளர்கூடக் கழுவாத மனுஷன், முகம் சுளிக்காமல் செய்தார். சுளித்திருந்தால் எனக்குக் கோபப்படவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

"இன்னாத்துக்கு அழுவற? எனக்கு வந்தா நீ செய்ய மாட்டியா?" என்பார்.

வலி போகவில்லை. இடுப்பில் இருந்த வலி தொடைக்கு இறங்கியிருந்தது. எழுந்து முதல் அடி வைக்கும்போது உள்ளே யாரோ கம்பியைத் திருகுவதுபோல இருக்கும். கொஞ்சம் நடந்தால் அடங்கும். நின்றுவிட்டு மறுபடி கிளம்பினால் மறுபடி அதே திருகல். வீட்டுக்காரர் பஸ் படியில் என்னைத் தூக்கி ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எல்லாம் சரியா உக்காந்திருக்கும்மா."

"வலிக்குதே சார்."

"சில பேருக்கு வலி இருக்கும். நடங்க. படுத்துட்டா கால் மரக்கட்டை ஆயிடும்."

எத்தனை நாளைக்கு இருக்கும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதனால் நடந்தேன். சாயங்காலம் கம்பை ஊன்றிக்கொண்டு ஏரிக்கரையோடு போய்த் திரும்புவேன். ஐப்பசியில் ஒருநாள், வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். கரையில் பாதி தூரம் போனதும் தொடை இழுத்துப் பிடித்தது. நிற்க முடியவில்லை. மதகு ஓரத்தில் ஒரு கல் கிடந்தது. வலியில் டாக்டர் சொன்னது நினைவில் இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த பிறகு எழ முடியவில்லை. கல் முழங்காலுக்குக் கீழே இருந்தது. கம்பை ஊன்றிப் பார்த்தேன். ஈர மண்ணில் புதைந்தது. கையை ஊன்றி முயன்றபோது மூட்டு கழன்றுவிடும் போலிருந்தது, பயந்து விட்டுவிட்டேன். தூரத்தில் ஆட்கள் மாடு ஓட்டிக்கொண்டு போனார்கள். கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அதற்குள் எனக்கு அடக்க முடியாமல் புடவை நனைந்துவிட்டது. அந்தக் கோலத்தில் ஆம்பளைகளை எப்படிக் கூப்பிடுவது? வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நான் அப்படியே இருந்தேன்.

கடைசியில் வந்தது, பள்ளிக்கூடத்தில் என் இடத்தில் சமைக்கிறவள். என்னைவிட வயதில் சின்னவள். தலையில் விறகுக் கட்டு.

"இன்னாக்கா, இங்க குந்திக்கினு கீற?"

"எழுந்துக்க முடியலம்மா."

கட்டைக் கீழே போட்டாள். வலது காலை முன்னால் நீட்டச் சொல்லி, பின்னால் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். முதல் தடவை முடியவில்லை. இரண்டாவது தடவை நின்றேன். அவள் பார்வை என் புடவைமேல் போனது. அதே சமயம் தூறல் விழ ஆரம்பித்தது.

"ஓரமா ஒதுங்க வேணாம்க்கா. நனைஞ்சிக்கினே போலாம் வா. யாருக்குத் தெரியப் போவுது" என்றாள்.

விறகை அங்கேயே விட்டுவிட்டு என்னைத் தாங்கிக்கொண்டு நடந்தாள். மழை வலுத்தது. பாதி வழியில் அவள் கேட்டாள்:

"கோச்சுக்காதக்கா. நீ எப்ப வேலைக்குத் திரும்பி வருவ? வூட்ல அவருக்கு ஒடம்பு சரியில்ல. நான் சம்பாரிச்சாதான்."

எனக்குக் கோபம் வரவில்லை. வாசலில் என்னை விட்டுவிட்டு, நனைந்த விறகை எடுக்கத் திரும்பிப் போனாள்.

பொங்கல் கழிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கரண்டியை வாங்கிக் குனிந்து கிளறினேன். கொஞ்ச நேரத்தில் திருகல் தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு கிளறினேன். அவள் கரண்டியை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். நானும் விட்டுவிட்டேன். தலைமை ஆசிரியரிடம் போய், இனி என்னால் முடியாது என்று சொன்னேன். அவர் இதை எதிர்பார்த்திருந்தார் போல. உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அதுவும் எனக்குத் தாழ்வான நாற்காலி. நின்றுகொண்டே பேசிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு ஏரிக்கரைக்குப் போகவில்லை. தார் ரோட்டோரமாக, நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில் நடந்தேன். பார்க்கிறவர்கள் எல்லாம், நன்றாக நடக்கிறாயே, சரியாகிவிட்டதா என்று கேட்டார்கள். முதலில் விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு, ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நடந்தேன்.