கமருன்னிஸாவும் மூன்று விண்டோஸும்

அய்யம்பேட்டையில் கமருன்னிஸாவிடம் ஒரு பொருளை விற்றுவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்த வியாபாரி இன்னும் பிறக்கவில்லை. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். அதோடு விடமாட்டாள். சிவப்பு உண்மைச் சிவப்புதானா, பூசியதா என்று விரலால் தேய்த்தும் பார்ப்பாள். காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், அவள் அதை ஒருமுறை தூக்கிப் பார்த்து 'ம்' சொல்லும்வரை வாசலில் நிற்க வேண்டும். இதில் அவளுக்குக் கொஞ்சமும் கூச்சம் கிடையாது. நம்பிக் கெட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், சந்தேகப்பட்டுக் கெட்டவர் ஒருத்தரைக் காட்டுங்கள் பார்ப்போம் என்பது அவள் கட்சி.

அந்த வீட்டுக்கு 2001இல் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை பார்த்த அவள் புருஷன் மீரா உசேன் லீவில் வந்தபோது தஞ்சாவூரில் வாங்கிக் கூடத்து மூலையில் வைத்துவிட்டுப் போனார்.

"இனிமே கடுதாசி வேணாம் கமரு. வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. ஜும்மா முடிச்சுட்டு ரூம்ல சிஸ்டம் முன்னாடி உக்காந்துடுவேன். நீயும் நாலு மணிக்கு உக்காரு. மெசஞ்சர்ல எவ்வளவு நேரம் வேணாலும் பேசலாம்" என்றார்.

பேசலாம்தான். ஆனால் அந்த லீவுக்குப் பிறகு அவர் ஊருக்கு வரவே இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் வருகிற மனிதர் 2003இல் வரவில்லை, 2004இலும் வரவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இவர் எப்போது வருவார்? அதைக் கேட்கிற நேரத்தில் பேச்சு நின்றுவிடும். அம்புக்குறி திரையின் நடுவில் அப்படியே நிற்கும். சில நாள் திரை முழுக்க நீலமாகி, வெள்ளை எழுத்தில் என்னவோ ஓடும். அடுத்த வாரம் மீரா உசேன், "ஹேங் ஆயிடுச்சு போலருக்கு" என்பார்.

தஞ்சாவூரிலிருந்து டிவிஎஸ் வண்டியில் சர்வீஸுக்கு வருகிறவன் எல்வின். பூக்கார தெருவில் கடை வைத்திருந்தான். சிடிக்களைப் புத்தகம் மாதிரி ஒரு பையில் அடுக்கிக்கொண்டு வருவான்.

"விண்டோஸ் தொண்ணூத்தெட்டு அக்கா. ஆளு நல்ல ஆளுதான். ஒரு வேல குடுத்தா செய்வான், ரெண்டாவது குடுத்தா மயங்கிடுவான். எப்ப எப்ப ஹேங் ஆவுதுன்னு தேதி போட்டு எழுதி வைங்க, பாப்போம்" என்றான்.

அவன் தேதியைத்தான் கேட்டான். கமருன்னிஸா ஜவுளிக்கடை டைரி ஒன்றை எடுத்து, தேதி, எத்தனை நிமிஷம் பேசியது, கடைசியாகப் பேசியது என்ன என்று மூன்று கட்டம் போட்டாள். மூன்றாவது கட்டம் எதற்கு என்று கேட்டிருந்தால் அவளுக்கே அப்போது பதில் தெரிந்திருக்காது. சந்தேகம் முந்திக்கொண்டது, காரணம் பின்னால் வந்தது.

2003இல் மீரா உசேனே சொன்னார்: "தொண்ணூத்தெட்டு ஸ்டெடி கெடையாதுன்னு இங்க பேசிக்கிறாங்க. மில்லேனியம்னு ஒண்ணு இருக்கு. அத போடச் சொல்லு."

கமருன்னிஸா உடனே தலையாட்டவில்லை. அவளுக்கு மாத்தூர்ப் பக்கம் மூன்று மா நிலம் இருந்தது. குத்தகைக்காரர் இளையபெருமாள் ஒவ்வொரு குறுவைக்கும் ஆடுதுறை முப்பத்தாறு போடலாமா, நாற்பத்து மூன்று போடலாமா என்று கேட்டு வருவார். எண் கூடினால் ரகம் உசத்தி என்று டெல்டாவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். புது ரகம் என்றால் முதல் வருஷம் பக்கத்து வயல்காரன் போடட்டும், சாய்கிறதா நிற்கிறதா என்று வரப்பில் நின்று பார்த்துவிட்டு அடுத்த வருஷம் நாம் போடலாம்.

"மொதல்ல மெஹராஜ் பேகம் வீட்டுல போடுங்க தம்பி" என்றாள் எல்வினிடம்.

மெஹராஜ் பேகம் பக்கத்து வீடு. அவள் மகன் சிங்கப்பூரில். அவளுக்கு வந்தது அதிர்ஷ்டம் என்று நினைத்து மில்லேனியத்தை ஏற்றிக்கொண்டாள். பதினைந்து நாள் ஒரு குறையும் இல்லை. பிறகே கமருன்னிஸா வீட்டுக்கும் அது வந்தது. மற்றவர்கள் வீட்டில் எப்படியோ, இவள் வீட்டில் அது தொண்ணூற்றெட்டைத் தங்கமாக்கிவிட்டது. ஸலாம் சொல்லி முடிப்பதற்குள் மயங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை ஸலாமுக்கும் முன்னால் மயங்கியது. மெமரி பத்தவில்லை என்று எல்வின் பெட்டியைப் பிரித்து முனகினான். தன் வீட்டில் நன்றாக ஓடுகிறதே என்று மெஹராஜ் பேகம் வேறு வந்து வந்து சொல்லிவிட்டுப் போனாள். அதை மட்டும் கமருன்னிஸாவால் பொறுக்க முடியவில்லை.

2005 ஜூனில் மீரா உசேன் மறுபடியும் சொன்னார்: "எக்ஸ்பி போடு. இங்க ஆபீஸ்லல்லாம் அதுதான். கல்லு மாதிரி நிக்குமாம். உன் சிஸ்டம்தான் பிரச்சின கமரு. என் பக்கம் ஒண்ணுமில்ல."

எல்வின் புது மெமரியும் போட்டு எக்ஸ்பியை ஏற்றினான். திரையில் பச்சைப் புல்வெளியும் நீல வானமும் வந்தன. நட்டு முப்பதாவது நாள் குறுவை மாதிரிதான் இருந்தது. ஒரு களை, ஒரு பூச்சி இல்லாத அந்தப் பச்சையை அவள் நம்பவில்லை. ஆறு நாள் ராப்பகலாக ஓடவிட்டுப் பார்த்தாள். ஒரே நேரத்தில் பாட்டு, சீட்டாட்டம், மெசஞ்சர் எல்லாவற்றையும் திறந்துவைத்துச் சோதித்தாள். அது அசராமல் நின்றது. அவளுக்கே கொஞ்சம் மரியாதை வந்தது.

அந்தச் சமயத்தில்தான் மகள் ஹுமைராவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஊர் ராஜகிரி. நிக்காஹ்வில் பெண்ணின் தகப்பன் வலிகாரராக உட்கார்ந்து, என் மகளை உங்களுக்கு மணமுடித்துத் தருகிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். பள்ளிவாசல் தப்தரில் அவர் பேரை முன்கூட்டியே எழுத வேண்டும். தேதி கேட்டாக வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது.

எக்ஸ்பி போட்ட முதல் வெள்ளிக்கிழமை கேட்டாள்: "மக நிக்காஹ்வுக்கு எந்தத் தேதி டிக்கெட்டுங்க?"

பேச்சு நின்றது. ஆனால் அம்புக்குறி நகர்ந்தது. மணி காட்டும் மூலையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர் படமும் போகவில்லை. அது இருந்தால் போன் லைன் அறுபடவில்லை என்று அர்த்தம். ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தது: மெசஞ்சர் பட்டியலில் மீரா உசேன் பேர் சாம்பல் நிறமாகியிருந்தது. தொண்ணூற்றெட்டில் எல்லாம் சேர்ந்து உறைந்துபோவதால் இதையெல்லாம் அவள் கண்டதே இல்லை.

அடுத்த வாரம் அவர் சொன்னார்: "இங்க ரூம்ல இருக்கறது இன்னும் தொண்ணூத்தெட்டுதான் கமரு. அது ஹேங் ஆயிடுது."

போன மாதம்வரை என் பக்கம் ஒன்றுமில்லை என்ற மனிதர். கமருன்னிஸா அதற்குப் பிறகும் வாராவாரம் தேதி கேட்டாள், வாராவாரம் பேச்சு நின்றது. ஐந்தாவது வாரம் டைரியை எடுத்து எல்லாப் பக்கத்தையும் வரிசையாகப் படித்தாள். அவள் வீட்டுத் தொண்ணூற்றெட்டு முப்பத்தொரு தரம் நின்றிருந்தது. கொழுந்தனார் அப்சர் வீட்டு போர்வெல், ஹுமைராவின் கடைவாய்ப் பல், எலுமிச்சை ஊறுகாய், நீங்க எப்ப வர்றீங்க என்று கலந்து கட்டி நின்றிருந்தது. அதிலும் 2003 பிறந்த பிறகு இந்தக் கடைசிப் பேச்சுதான் அதிகம். மில்லேனியத்துக்கு எந்தப் பேச்சும் ஒன்றுதான். எக்ஸ்பி வந்த பிறகு ஐந்து வெள்ளிக்கிழமை. ஐந்திலும் மூன்றாவது கட்டத்தில் ஒரே வரிதான் இருந்தது.

எல்வின் வந்தபோது கேட்டாள்: "தம்பி, தொண்ணூத்தெட்டுக்குக் காது உண்டா?"

"என்னக்கா?"

"நாம என்ன பேசறோம்னு கேட்டுக்கிட்டு ஹேங் ஆவுமா?"

சிரிக்க வாயெடுத்தவன் அவள் நீட்டிய டைரியைப் பார்த்தான். கடைசிப் பக்கத்தை இரண்டு தரம் படித்தான். பிறகு குனிந்து, நன்றாகவே இருந்த ஒரு வயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகினான்.

"வேற ஏதாச்சும் லைன் பிராப்ளமா இருக்கும்க்கா" என்று சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

அங்கே இன்னொருத்தி இருக்கிறாள் என்று தெருவில் ஏற்கனவே ஒரு பேச்சு இருந்தது. மெஹராஜ் பேகம் அதைத் தன் வாயால் சொல்லவில்லை. "யாரோ சொன்னாங்கன்னு ஒருத்தி சொன்னா" என்று சொன்னாள். கமருன்னிஸாவுக்குச் சோற்றில் உப்புப் போட்டோமா இல்லையா என்பதுகூட மறந்துபோனது. அப்சர் வேறு வந்து நின்றார்.

"ஜமாஅத்துல பேரு கேக்கறாங்க மதினி. அண்ணன் வருதா, இல்ல என் பேர எழுதிடவா?"

இவருக்கு எல்லாம் தெரியுமோ, அண்ணனும் தம்பியும் பேசிவைத்துக்கொண்டுதான் ஆடுகிறார்களோ என்று அவரையும் உற்றுப் பார்த்தாள். "அடுத்த வாரம் சொல்றேன் தம்பி" என்று அனுப்பினாள்.

நாற்று விட்டுப் பார்ப்பதுபோல ஒரு வெள்ளிக்கிழமையைச் சோதனைக்கு ஒதுக்கினாள். அன்றைக்கு வருகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மழை, மேட்டூரில் தண்ணீர் திறந்தது, மாப்பிள்ளை வீட்டுச் சீர் எல்லாம் பேசினாள். ஒரு மணி நேரம் ஐந்து நிமிஷம். அந்த ரூமின் தொண்ணூற்றெட்டு ஒரு தரம்கூட மயங்கவில்லை. மீரா உசேன் சிரித்துச் சிரித்துப் பேசினார். அந்தச் சிரிப்பைக் கேட்கக் கேட்க அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அடுத்த வெள்ளிக்கிழமை ஸலாம் சொன்ன கையோடு சொன்னாள்: "நான் இன்னிக்கு உங்கள வரச் சொல்லலங்க. தேதியும் கேக்கல. வலிகாரர் பேர மட்டும் சொல்லுங்க. அப்சர் தம்பி பேர எழுதச் சொல்லவா?"

அவள் பட்டியலைப் பார்த்தாள். பேர் சாம்பலாகவில்லை. ஹெட்போனில் அங்கே ஓடும் மின்விசிறியின் கடகடப்பு கேட்டது.

"எழுதச் சொல்லு" என்றார்.

அவ்வளவு தெளிவாக ஒரு குரல் அந்த மெஷினில் அதுவரை வந்ததில்லை. கமருன்னிஸா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "யாரு அவ?"

"எவ?"

"அதான் கேக்கறேன். எத்தன வருஷமா?"

மீரா உசேன் சிரிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பில்லை என்று அவளுக்கு உடனே தெரிந்தது. "ஒருத்தியும் இல்ல கமரு. அல்லா சத்தியமா. பாஸ்போர்ட் எங்கிட்ட இல்ல. கிடங்குல எட்டு மாசம் சம்பளம் தரல, வெளியில வந்துட்டேன். விசா முடிஞ்சு மூணு வருஷம் ஆவுது. கல்லிவல்லியா இருக்கேன்."

விசா இல்லாமல், முதலாளியை விட்டு ஓடிவந்து, கிடைத்த இடத்தில் ஒளிந்து வேலை பார்ப்பவர்களுக்கு வளைகுடாவில் நம் ஆட்கள் வைத்திருக்கும் பேர் அது. ஏர்போர்ட்டுக்குப் போனால் பிடித்துக்கொள்வார்கள். எத்தனை மாதம் உள்ளே வைப்பார்கள், எப்போது அனுப்புவார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

ஒருத்தியும் இல்லை என்றதும் அவளுக்கு ஒரு மூச்சு இறங்கியது. மறுமூச்சு இறங்கவில்லை. சக்களத்தி ஒருத்தி இருந்திருந்தால்கூட மனிதர் மகள் கல்யாணத்துக்கு விமானம் ஏறி வந்திருப்பார். இப்போது அதற்கும் வழியில்லை. இத்தனை நாள் தெருவே சேர்ந்து பார்த்த பயங்கரத்தைவிட இது பெரிதாக இருந்தது. மூன்று வருஷமாக இதை ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டு ஊறுகாய் போட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாரே என்று நினைத்தபோது அவர்மேல் கோபப்படக்கூட அவளால் முடியவில்லை. அழுதாள்.

"ஹுமைராட்ட சொல்லாத" என்றார் அவர். "கடைசி நேரத்துல லீவு கெடைக்கலன்னு சொல்லிடு. இன்னிக்குக் கேட்டா சிஸ்டம் ஹேங்னு சொல்லிடு."

"நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்க."

"கமரு, வேணாம்."

"இருங்க. எங்கயும் போயிடாதீங்க" என்றவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். ஹுமைரா வந்தாள். அம்மா முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். கமருன்னிஸா ஹெட்போனைக் கழற்றி மகள் தலையில் மாட்டினாள்.

இனி அவர் பேசுவது அவளுக்குக் கேட்காது. மகள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஹுமைரா 'ம்' என்றாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'ம்'. தலை குனிந்திருந்தது.

"சரி அத்தா" என்றாள் பிறகு. "சித்தப்பாவே உக்காரட்டும். ஓதும்போது போனப் பக்கத்துல வைக்கச் சொல்றேன். நீங்க லைன்ல இருங்க." மைக்கை வாய்க்குக் கிட்டே இழுத்தாள். "அன்னிக்கு மட்டும் நீங்களா கட் பண்ணிடாதீங்கத்தா."

லைனை அவர்தான் வெட்டுகிறார் என்று ஹுமைராவிடம் இதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.