தெலுங்கில் பேசிய ஊமை

எழுபதுகளின் தொடக்கத்தில், பேச்சுக் குறைகளைச் சரிசெய்யும் பயிற்சி படித்துவிட்டு, மாதம் இரண்டு முறை விருத்தாசலத்துப் பள்ளி ஒன்றுக்குப் போய்வந்தேன். ரயில்வேக்கும் பீங்கான் ஆலைகளுக்கும் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். வீட்டில் தெலுங்கு, உருது, மலையாளம், வகுப்பில் தமிழ். தலைமை ஆசிரியருக்கு அது பெரும் தொல்லை. என் வேலை என்னவென்று அவர் கடைசிவரை கேட்டுக்கொள்ளவில்லை. என்னை 'வாய் டாக்டரம்மா' என்பார். பியூனின் பல்வலியைக்கூட என்னிடம் அனுப்பினார்.

ஒருநாள் எட்டு வயதுப் பெண் ஒருத்தியை முன்னால் நிறுத்தினார். அப்பா பீங்கான் சூளையில் வேலை. ஆந்திரத்துக் கூடூரிலிருந்து வந்த குடும்பம்.

"பொறவி ஊமைங்க. வந்து ஒரு வருசமாவுது, வாயத் தொறக்கல. நீங்க கையெழுத்துப் போட்டீங்கன்னா ஊமை ஸ்கூலுக்கு அனுப்பிச்சுடுவேன்."

காகிதத்தைப் பூர்த்தி செய்தே வைத்திருந்தார். நான் சோதிப்பதற்கு முன்பே!

விடுதித் தோழி சொல்லித் தந்த அரைகுறைத் தெலுங்கில், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று அவளிடம் கேட்டேன். நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கொட்டித் தீர்த்தாள். பழைய சோறு, தம்பி அதைக் கவிழ்த்தது, அம்மா அடித்தது.

"பேசுறாளே சார்."

"தெலுங்குல பேசினா அது பேச்சாங்க? இங்க எவனுக்குப் புரியும்?"

படித்த மனிதர், வெட்கமே இல்லாமல் சொன்னார். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"வூட்ல தெலுங்கு பேசக் கூடாதுன்னு சார் சொல்லிட்டாருங்க," என்றாள் அம்மா, ஒவ்வொரு சொல்லாகத் தேடி. "எனக்குத் தமிழ் வராது. அதான் புள்ளகிட்ட பேசறதே இல்ல."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் பாடப்புத்தகத்திலும் அதே புத்திமதிதான் இருந்தது. முந்தின மாதம் ஓர் உருதுக் குடும்பத்துக்கு அதை நானே பெரிய மேதாவிபோல ஓதியிருந்தேன். தலைமை ஆசிரியரைவிட நான் எதில் உசத்தி?

"தெலுங்குலயே பேசுங்கம்மா. நல்லா பேசுங்க," என்றேன். மறுநாளே அந்த உருதுக் குடும்பத்திடமும் போய் என் சொல்லைத் திரும்ப வாங்கினேன்.

வீட்டில் பேச்சு திரும்பியதும், சில மாதங்களில் வகுப்பிலும் அவள் தமிழில் சண்டை போடத் தொடங்கினாள். ஆண்டு விழா மேடையில் அவளை நிறுத்தி, "ஊமைப் புள்ளைய நம்ம ஸ்கூலு பேச வச்சிருக்குது!" என்று தலைமை ஆசிரியர் முழங்கினார். கூட்டம் கைதட்டியது. வேலை போய்விடுமோ என்று பயந்து நானும் தட்டினேன்.