ஹெல்மெட்டுக்குள் இரண்டு குரல்கள்

ஹெல்மெட்டில் பொருத்திக்கொள்ளும் ப்ளூடூத் கருவியைப் பற்றி எழுதுங்கள் என்று சிலர் கேட்டு வருகிறீர்கள். கையால் தொடாமல் கைபேசியில் பேச முடியுமா, வரைபடம் சொல்லும் வழி காற்றில் காதில் விழுமா, இரண்டு வண்டிகளில் போகிறவர்கள் ஓடும்போதே பேசிக்கொள்ளலாமா என்பவை உங்கள் கேள்விகள். எல்லாம் முடியும். முடிந்ததால்தான் இதை இப்படி எழுத வேண்டியிருக்கிறது.

பயணம் சென்ற ஜனவரியில். உடன் வந்தவன் என் பள்ளித் தோழன் அருளப்பன். நான் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அவன் குவைத்தில் எலக்ட்ரீசியனாக இருந்துவிட்டுச் சொந்த ஊரான கடியப்பட்டணத்துக்குத் திரும்பியவன். இருவரிடமும் ஒரே மாதிரியான முந்நூற்றைம்பது சிசி டூரிங் மோட்டார் சைக்கிள். பிப்ரவரியில் கோவா வரை கடற்கரையோரமாகவே போய்வர வேண்டும் என்பது திட்டம். அதற்கு முன் புதிதாக வாங்கிய கருவிகளைப் பழகிக்கொள்ள மாவட்டத்துக்குள்ளேயே ஒரு நாள் ஒத்திகை. அந்த ஒத்திகையில் அருளப்பன் தன் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தான். எங்கள் நட்பும் போய்விட்டதா என்பது, இதை எழுதும்போதும் எனக்குத் தெரியவில்லை.

கருவி சிறியது. ஹெல்மெட்டின் இடது பக்கம் கவ்விக்கொள்ளும். உள்ளே காதுக்கு ஒன்றாக இரண்டு ஒலிபெருக்கிகள், வாய்க்கு முன்னால் ஒரு மைக். ஜோடி பதினோராயிரம் ரூபாய். நான் எதையும் படிக்காமல் தொடுகிறவன் அல்ல. கையேட்டை மூன்று முறை படித்தேன். அதில் இரண்டு வசதிகள் இருந்தன. ஒன்று, கைபேசி அழைப்பு வந்தால் இரண்டு முறை மணி அடித்த பிறகு தானாகவே எடுத்துக்கொள்வது. மஸ்கட்டில் செவிலியராக இருக்கும் என் மகள் ஷீபா, நான் எடுக்கத் தாமதித்தால் பதறிவிடுவாள். அதனால் அதைப் போட்டுவைத்தேன். மற்றொன்று, அழைப்பு வரும்போது பின்னால் வரும் வண்டியின் குரலைத் துண்டிக்காமல் சேர்த்தே வைப்பது; நான் பேசுவது இரண்டு பக்கமும் போகும். கடையில் கொடுத்தபோது இது அணைந்துதான் இருந்தது. அருளப்பனின் குரல் ஒரு நொடிகூட விட்டுப்போகக் கூடாது என்று நானாகத் தேடிப் போட்டேன். எச்சரிக்கையாக இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

காலை ஆறரைக்கு வடசேரியில் சந்தித்தோம். மெதுவாக ஓட்டுகிறவன் முன்னால் போகட்டும், மற்றவன் அந்த வேகத்துக்குத் தொடரட்டும் என்பது எங்கள் வழக்கம். ஆகவே எப்போதும் நான்தான் முன்னால். முந்திச் செல்ல வேண்டிய இடங்களில், எதிரே பாதை தெரிகிற நான், பின்னால் வருகிறவனுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டே சொற்கள் போதும் என்றேன்: ‘வா’, ‘நில்லு’.

“ஏலே, நாம கோவாவுக்குப் போறோமா, பரேடுக்குப் போறோமா?” என்றான். “ரிட்டயர் ஆகி இத்தன வருசம் ஆச்சு, இன்னும் ஒனக்கு கிளாஸ் எடுக்காம இருக்க முடியாதாக்கும்.”

நான் சிரித்தேன். வற்புறுத்தியிருக்க வேண்டும். எனக்கு வற்புறுத்த வராது.

தக்கலை வரை பதினேழு கிலோமீட்டர். அங்கே புட்டும் பயறும் பழமும். இருவருக்கும் நூற்று நாற்பது ரூபாய். மார்த்தாண்டத்துக்கு முன்னால் நெரிசல் தொடங்கியது. ஒரு பேருந்தைத் தாண்டி நான் முன்னே போய்விட்டேன். பின்னாலிருந்து, “மக்கா, வரட்டா?” என்றான். எதிரே பாதை காலி. “ஆட்டும், வா” என்றேன்.

வெளியூர் வாசகர்களுக்காக: எங்கள் பக்கத்தில் ‘ஆட்டும்’ என்றால் ஆகட்டும், சரி என்று பொருள். கடைக்காரர் நாளைக்கு வாருங்கள் என்றாலும் ஆட்டும்தான், மருத்துவர் இனிப்பைத் தொடாதீர்கள் என்றாலும் ஆட்டும்தான். யோசிக்காமலே வாயில் வரும். ‘மக்கா’வும் அப்படித்தான், தோழனையும் அழைக்கும், பெற்ற பிள்ளையையும் அழைக்கும். மார்த்தாண்டத்தில் ‘ஆட்டும், வா’ என்றது, அருமனை போய்ச் சேர்வதற்குள் வெறும் ‘ஆட்டும்’ ஆகிவிட்டது. இரண்டு சொல் விதியை வைத்தவனே மீறினான்.

மார்த்தாண்டத்திலிருந்து அருமனை ஒன்பது கிலோமீட்டர். இருபுறமும் ரப்பர்த் தோட்டங்கள். வெயில் இறங்காத சாலையில் நாற்பத்தைந்துக்கு மேல் போகத் தோன்றவில்லை. கருவியின் தரத்தைக் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன், அங்கே அவன் மூச்சுவிடுவதுகூடக் கேட்டது. வழியெல்லாம் கிண்டல். “லேய், பின்னால ஒரு கோழி ஹாரன் அடிக்குது. கொஞ்சம் ஓரம் குடு, அது போவட்டும்” என்றான். பிறகு பாடத் தொடங்கினான். இந்தக் குரலுக்குத்தான் உன்னைக் கோயில் பாட்டுக் குழுவில் சேர்க்கவில்லையா என்று கேட்டேன். “ஒங்க சபைல என்னச் சேப்பாவளான்னு கேட்டுச் சொல்லு, நான் மாறி வாறேன்” என்றான். அவன் கத்தோலிக்கன், நான் சீர்திருத்தச் சபைக்காரன். ஐம்பது வருடங்களாகச் சேர்ந்து சுற்றியிருக்கிறோம். ஆனால் ஓடும் வண்டியில் பேசிக்கொண்டே போனது அன்றுதான். இப்படியே கோவா வரை போகலாம் என்று நினைத்தேன். மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

அருமனையில் தேநீர் குடித்துவிட்டு மார்த்தாண்டம் திரும்பி, புதுக்கடை வழியாகத் தேங்காய்ப்பட்டணம். பதினொன்றரை மணிக்கு, ஆறு கடலில் சேரும் இடத்தில் வண்டிகளை நிறுத்தினோம். அங்கே காற்று பலம். மைக்கில் பஞ்சு உறை இருந்தும் இரைச்சல் ஏறியது. அங்கிருந்து கடற்கரைச் சாலையில் குளச்சல் வழியாகக் கடியப்பட்டணம். அருளப்பனின் மனைவி ஸ்டெல்லா மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் செய்து வைத்திருப்பதாக இரண்டு முறை கூப்பிட்டிருந்தார். ஒரு மணிக்குள் வருவோம் என்று நான்தான் சொன்னேன்.

இனயம் தாண்டியதும் எங்களுக்கு முன்னால் ஒரு லாரி. அதன்மேல் நீளமான ஒரு மீன்பிடி வள்ளம். ஃபைபர் வள்ளத்தின் முனை லாரிக்குப் பின்னால் வெகுதூரம் நீட்டிக்கொண்டிருந்தது. சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். சாலை குறுகலானது. லாரிக்குப் பின்னால் இருப்பவனுக்கு எதிரே எதுவுமே தெரியாது. வெகுநேரம் பொறுத்திருந்து, ஓட்டுநர் கையைக் காட்டிய பிறகே நான் முந்தினேன். அருளப்பன் லாரிக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். நூறு, நூற்றைம்பது மீட்டர் முன்னே போயிருப்பேன். கைபேசி ஒலித்தது. இரண்டு முறை மணி அடித்த பிறகு அதுவே எடுத்துக்கொண்டது.

“அப்பா, எங்க நிக்கீங்க? வண்டியிலயா?” என்றாள் ஷீபா.

“தேங்காய்ப்பட்டணம் தாண்டியாச்சு. அருளப்பன் மாமா பின்னால வாறான்.”

“அய்யோ, அப்பம் நான் பின்ன கூப்பிடட்டா?”

“ஆட்டும், மக்கா” என்றேன்.

அதே நேரத்தில் ஐஸ் பெட்டிகள் ஏற்றிய ஒரு வேன் எதிரே வந்து என்னைக் கடந்து போனது. அதை நான் பார்த்தேன். பார்த்ததும் ‘நில்லு’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் காதில் இருந்தவள் மகள். இரண்டு காதுகளிலும் தகரம் கிழிவது போல ஒரு சத்தம். பிறகு காற்றின் இரைச்சல் மட்டும். மகளின் குரல் கேட்டது: “அப்பா, அது என்ன சத்தம்?”

வண்டியைத் திருப்பிக்கொண்டு போனபோது ஆட்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். மீன் விற்கும் ஒரு பெண் தலைச் சும்மாட்டுத் துணியை அவிழ்த்துக் காலை இறுக்கிக் கட்டினாள். லாரி ஓட்டுநர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். “பாட்டா, எனக்க பின்னால நின்னா ஒண்ணுமே தெரியாதுல்லா? பின்ன இவரு என்ன தைரியத்துல கேறினாரு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அருளப்பனுக்கு நினைவு இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றியபோது, “ஸ்டெல்லாகிட்ட சொல்லாண்டாம்” என்றான்.

நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் காலைக் காப்பாற்றப் பார்த்தார்கள். அவனுக்குச் சர்க்கரை உண்டு. புண் மேலே மேலே ஏறியது. இரண்டாம் வாரத்தில் எடுத்துவிட்டார்கள்.

அவன் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கதைதான். “இவன் வரச் சொன்னான், நான் வந்தேன். வேன்காரன் பறந்து வந்துட்டான். இவன் என்ன செய்வான்?” ஸ்டெல்லாவின் தம்பி ஒருநாள் என் முகத்துக்கு நேராகவே, “வாத்தியாருக்கு கணக்கு தப்பிப்போச்சு, கேட்டியளா. தப்பினது அடுத்தவனுக்க கால்ல” என்றான். அருளப்பன் படுக்கையிலிருந்தே அவனை விரட்டினான். எனக்கு அந்தப் பழி ஒரு வகையில் வசதியாக இருந்தது. கண்ணால் பார்த்துத் தூரத்தைத் தவறாகக் கணித்தவன் என்றால், முயன்று தவறியவன் என்று பொருள். உண்மை அதைவிடக் கீழானது.

ஏப்ரலில் அவனுக்கு ஓர் ஆசை வந்தது. ஸ்கூட்டருக்குப் பக்கச் சக்கரங்கள் போட்டுக்கொள்ள வேண்டும், முட்டம் வரையாவது இருவரும் போக வேண்டும் என்றான். உடையாத தன் கருவியைச் சார்ஜ் போட்டு வைத்திருப்பதாகச் சொல்லி எடுத்துக் காட்டினான். “பழைய மாதிரி நீ முன்னால போ. நீ சொல்லிக் குடு, நான் பைய வாறேன்” என்றான்.

அதற்கு மேல் சொல்லாமலிருக்க முடியவில்லை.

“அருளப்பா, அன்னைக்கு நான் ஒனக்குப் பதில் சொல்லல்ல.”

“பின்ன?”

“ஷீபா போன்ல வந்தா. பின்ன கூப்பிடட்டான்னு கேட்டா. அவளுக்குச் சொன்னது.”

அவன் கருவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். “காத்துல மத்ததொண்ணும் கேக்கல்ல. ஆட்டும் மக்கான்னது மட்டும் எனக்கு நல்லாக் கேட்டுதே.”

“அது அவளுக்கு.”

“அப்பம் நான் வரட்டான்னு கேட்டது ஒனக்குக் கேட்டுதா?”

நான் எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்த கேள்வி அது. மகளின் குரலுக்கு அடியில் ஏதோ ஒன்று இருந்ததாகத் தோன்றும். சில நாட்களில், அது நான் பிறகு சேர்த்துக்கொண்டது என்றும் தோன்றும்.

“தெரியல்ல” என்றேன்.

“கேட்டுதா, கேக்கல்லியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு லேய்.”

ஸ்டெல்லா தேநீர் கொண்டுவந்து வைத்தார். அது அப்படியே ஆறியது. பிறகு அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான்: “மக்கான்னதும் எனக்காக்கும்னு நெனச்சேன்.”

சற்றுக் கழித்து மனைவியிடம், “அவனுக்கு பஸ்சுக்கு நேரமாச்சு” என்றான்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கருவி வாங்கலாம். ஆனால் தானாக அழைப்பை எடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். பேச வேண்டுமென்றால் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுப் பேசுங்கள். கை சும்மா இருக்கிறது என்பதால் கவனமும் சும்மா இருக்கிறது என்று நானும் நம்பினேன். அழைப்பையும் உடன் வரும் வண்டியையும் ஒரே நேரத்தில் இணைக்காதீர்கள். பின்னால் வருகிறவர் உங்கள் கண்ணை நம்பி முந்துவதை அறவே விடுங்கள், தன் கண்ணுக்குத் தெரியாத பாதையில் யாரும் ஏறக் கூடாது. இவையெல்லாம் கையேட்டில் இல்லை. இருந்திருந்தாலும் நான் படித்துவிட்டு வேறு ஏதேனும் ஒன்றைத் தவறவிட்டிருப்பேனோ என்னவோ. ஷீபா இந்தப் பக்கத்தைப் படிக்கிறவள். அவளுக்கு ஒரு வரி: நீ அழைத்ததில் எந்தப் பிழையும் இல்லை, அம்மா. எடுக்கும்படி வைத்தவன் நான்.

என் வண்டியை விற்றுவிட்டேன். கோவாவைப் பற்றிச் சேர்த்து வைத்திருந்த விவரங்களை வேண்டுகிறவர்கள் எழுதிக் கேளுங்கள், அனுப்புகிறேன். விடுதிகள், பெட்ரோல் நிலையங்கள், சாலை நிலவரம் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன.

அன்று கடைசியில் போக முடியாமல்போன கடியப்பட்டணத்துக்குப் போக விரும்புகிறவர்களுக்கு வண்டி தேவையில்லை. நாகர்கோவிலிலிருந்து நேர்ப் பேருந்து உண்டு. ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், முக்கால் மணிக்கு மேல் ஆகும், இடது பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் கடைசிப் பகுதியில் கடல் தெரியும். நான் வெள்ளிக்கிழமைகளில் போகிறேன். சென்ற மூன்று முறையும் ஸ்டெல்லா வாசலுக்கு வந்து, அவர் தூங்குகிறார் என்றார். உள்ளே அவன் யாருடனோ போனில் சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது எங்கள் இருவருக்கும் கேட்டது. பரவாயில்லை, எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த பேருந்துக்கு வந்து நின்றேன்.