வலியை மறைத்த கால்

என் மகள் பரதநாட்டியம் ஆடுகிறாள். மாவட்டப் போட்டி நெருங்கிய நேரத்தில் ஒருநாள், அவள் சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக மாடியிலிருந்து இறங்குவதைப் பார்த்தேன். நான் நிற்பதைக் கவனித்ததும் கையை எடுத்துவிட்டுக் குதித்து இறங்கினாள். அந்தக் குதிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை.

"பயிற்சி அதிகமுங்க, காலு அசந்திருக்கும்," என்றாள் மனைவி. எண்ணெய் சுடவைத்துத் தேய்க்கப் போனாள். மகள் காலைத் தொட விடவில்லை. பள்ளிக்கு நடந்தே போகிறவள் ஆட்டோ கேட்டாள். சாப்பாடு குறைந்தது. கேட்டால் சிரித்தாள். ஏற்காட்டில் அப்போது விடாத பனிமூட்டம், பக்கத்து வீடே தெரியாது. மாடியறையில் அவள் தட்டும் அடவு மட்டும் கேட்கும். இடது காலின் தட்டு நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது.

போட்டியன்று மூவரும் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அவள் முன்கம்பியை இறுகப் பிடித்து, இடது காலைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டாள்.

ஒப்பனை அறை வாசலில், அவளோடு ஆடும் பெண்ணின் அம்மா என்னிடம் ஒரு மாத்திரைப் பட்டையை நீட்டினார்.

"ஏனுங்க, பாப்பாவுக்கு இன்னொண்ணு குடுத்துருங்க. ஒரு வாரமா கிளாசுல நாந்தானுங்க குடுக்கறேன். போட்டா வலியே தெரியாதுங்க."

உதவி செய்வதாகவே அவர் நினைத்திருந்தார். பட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மகள் சலங்கை கட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் முன் மண்டியிட்டு, முழங்காலுக்குக் கீழே எலும்பை விரலால் லேசாக அழுத்தினேன். மை தீட்டிய கண்கள் நிறைந்துவிட்டன.

"ஏங் கண்ணு சொல்லல?"

"சொன்னா வேற பொண்ண ஆட வெச்சிருவாங்கப்பா. அம்மா நொம்ப ஆசையா இருக்காங்க."

மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அந்த ஆசை எனக்கு வேண்டாஞ் சாமி," என்று தரையில் உட்கார்ந்து சலங்கையை அவிழ்த்தாள்.

நடன ஆசிரியை ஓடி வந்தார். "கடைசி நேரத்துல இப்பிடிப் பண்ணுனா எப்பிடிங்க? கட்டுப் போட்டுட்டு ஆடட்டும். கொஞ்ச நேரந்தானுங்களே."

"ஆட மாட்டாளுங்க," என்றேன்.

ஆஸ்பத்திரி வரை மகள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எக்ஸ்ரே படத்தில் எலும்பின் குறுக்கே முடி போல் ஒரு கோடு இருந்தது. "இந்தக் காலோட மேடையில குதிச்சிருந்தா எலும்பு ரெண்டாப் போயிருக்குமுங்க," என்றார் டாக்டர். அதைக் கேட்ட பிறகுதான் அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

மாவுக்கட்டு, ஓய்வு, மறுபடி நடைபழகல் என்று மாதங்கள் போயின. மறுவருடம் மேடையேறினாள், பரிசும் வாங்கினாள். இப்போதெல்லாம் வகுப்புக்குக் கிளம்பும்முன், எங்காவது வலிக்கிறதா என்று கேட்கிறோம். பெரும்பாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறாள். சில நாட்களில் மட்டும், நான் கேட்டு முடிப்பதற்குள், "எங்கயுமில்லைங்கப்பா," என்கிறாள். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடுவதில்லை.