ஐந்தாவது படத்தில் தலை இல்லை

"பாய், எம்புள்ள தலை எங்க?"

பள்ளிக்கூட வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் பேனருக்கு முன்னால் நின்று பால்பாண்டி என்னிடம் கேட்ட கேள்வி இது. ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புக்கு அவர் டிரைவர். கத்திக்கூடக் கேட்கவில்லை. உத்தமபாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய காலத்தில் கஸ்டமர்களிடம் எத்தனையோ வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்து பொடியாக இருக்கிறது என்பார்கள், கலர் ஒட்டவில்லை என்பார்கள். அதெல்லாம் மறந்துவிட்டது. பால்பாண்டிக்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. எக்செல்லில் சார்ட் போடக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு உபயோகப்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. மஞ்சள் முடிக்காரி

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் இருக்கும். ராஜேஸ்வரி அம்மா ரிட்டயர்டு டீச்சர். எங்கள் வட்டாரத்துப் பெண்பிள்ளைகள் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிடுவது அவருக்குப் பெரிய ஆற்றாமை. அதற்காகவே நாலு பேரைச் சேர்த்து ஒரு சின்ன டிரஸ்ட் ஆரம்பித்திருந்தார். வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கை என்னிடம் கொண்டுவந்தார். ஷீட்டில் ஏற்றி, இரண்டு பார் போட்டுக் காட்டினேன். ஒன்று பிளஸ் ஒன் சேர்ந்தவர்கள், இன்னொன்று பத்தோடு நின்றவர்கள்.

அம்மா உதட்டைப் பிதுக்கினார். "என்ன பாய், ரெண்டு செங்கல்ல நட்டு வச்ச மாதிரி இருக்கு? தோட்ட வேலைக்குப் போற பொம்பள இதப் பாத்து என்னத்தப் புரிஞ்சுக்குவா? படமாப் போடுங்க. புள்ளைக படம்."

பாருக்குப் பதிலாகப் படத்தையே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வசதி எக்செல்லில் உண்டு. ஸ்டாக் அண்ட் ஸ்கேல் என்று பெயர். ஒரு படத்துக்கு இத்தனை பேர் என்று சொல்லிவிட்டால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் கம்ப்யூட்டரோடு வந்த கிளிப் ஆர்ட் படங்களில் தேடினால் கிடைத்ததெல்லாம் மஞ்சள் முடியும் குட்டைப் பாவாடையுமாக வெளிநாட்டுப் பிள்ளைகள். "இவளையா நம்ம ஊருல நிறுத்தப் போறீக?" என்று அம்மா சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமரா மேசையில் சும்மா கிடந்தது. நம்ம பிள்ளையையே போட்டோ எடுத்துப் போட்டுவிடலாம் என்று சொன்னேன்.

ஹெட்மாஸ்டர் கைகாட்டிய பிள்ளை கவிதா. பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள், வகுப்பில் அவள்தான் முதல் மார்க். பால்பாண்டியின் மகள். அவரிடமும் கேட்டோம். "நல்ல காரியத்துக்குன்னா தாராளமா எடுத்துக்கங்க" என்று சொன்னார். ரெட்டைச் சடை, ரிப்பன், மடிப்புக் கலையாத யூனிஃபார்ம். வேப்பமரத்தடியில் விறைப்பாக நின்றாள். "சிரிக்கட்டா சார்?" என்று கேட்டாள். சிரிக்கச் சொன்னேன்.

2. கணக்கு சுத்தம்

பத்துப் பேருக்கு ஒரு படம் என்று வைத்தேன். பிளஸ் ஒன் சேர்ந்தவர்கள் இருபது பேர். அங்கே இரண்டு கவிதா அடுக்காக நின்றார்கள். பத்தோடு நின்றவர்கள் நாற்பத்தெட்டு. அங்கே நான்கு கவிதா முழுசாக நின்றார்கள். மிச்சம் எட்டுப் பேருக்கு ஐந்தாவது படத்தில் பத்தில் எட்டுப் பங்குதான் வரும். எக்செல் கீழேயிருந்து அளந்து மேலே வெட்டிவிடும். கால், பாவாடை, சட்டை, தோள் எல்லாம் வந்தது. கழுத்தோடு முடிந்தது.

பார்க்காமல் இல்லை, பார்த்தேன். ஐம்பது என்று போட்டிருந்தால் தலை வந்திருக்கும். ஆனால் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. இரண்டு பேரைக் கூட்டிச் சொல்லி யாராவது கேட்டால் டிரஸ்ட்டுக்குத்தானே கெட்ட பெயர் என்று நினைத்தேன். அம்மாவும் சரியென்றார். தேனிக்குக் கொண்டுபோய் ஆளுயரத்துக்கு மேல் ஃப்ளெக்ஸ் அடித்து, பெற்றோர் கூட்டத்தன்று வாசலில் கட்டினோம். கூட்டம் மொய்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் பால்பாண்டி வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் பெரிய வாத்தியார் மாதிரி விளக்க ஆரம்பித்தேன். ஒரு படம் பத்துப் பேர், மேலே இருப்பது எட்டுப் பேர் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"தலை வரணும்னா இன்னும் ரெண்டு புள்ளைக படிப்ப நிறுத்தணும்ண்ணே" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "அவ ஆத்தா பாத்துட்டு அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போயிட்டா பாய். வயசுப் புள்ளையத் தலையில்லாம நிறுத்தி வச்சிருக்கீகளே" என்றார். அன்று சாயங்காலமே பேனரைக் கழற்றிவிட்டேன்.

3. ஜூன் மாதம்

பேனர் ஒரு பகல்தான் தொங்கியது. ஆனாலும் அது வேலை செய்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஜூன் மாதம் ராஜேஸ்வரி அம்மா ஸ்வீட் டப்பாவோடு கடைக்கு வந்தார். "முன்னெல்லாம் கெஞ்சுனாலும் அசைய மாட்டாக பாய். இந்த வருஷம் அவுகளாவே வந்து அப்ளிகேஷன் கேக்குறாக" என்றார். கவிதா எந்த குரூப் எடுத்திருக்கிறாள் என்று கேட்டேன். அம்மாவின் முகம் வாடிவிட்டது. அவள் சேரவில்லை.

பால்பாண்டிதான் கோபத்தில் நிறுத்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். காலில் விழவும் தயாராகத்தான் போனேன். அவர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"நான் போகச் சொல்லித்தான் பாய் சொல்றேன். யூனிஃபார்முக்குத் துணிகூட எடுத்தாச்சு. அவதான் மாட்டேங்குறா. நீங்களே கேட்டுப் பாருங்க."

கவிதா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய பத்தாவது மார்க் எனக்குத் தெரியும். கணக்கில் நூற்றுக்கு இரண்டுதான் குறைவு.

"பயலுக என்னைய முக்கா முக்கான்னு கூப்பிடுறானுக சார். பரீச்சைக்குப் போகையில பஸ்ஸுல ஏறுனா, முக்கா வருது, முக்கா டிக்கெட் குடுங்கன்னு கத்துனானுக. கண்டக்டரும் சிரிச்சாரு. பிளஸ் ஒன்னுக்கு உத்தமபாளையம் போகவும் அதே பஸ்ஸுதான், அதே பயலுகதான் வருவானுக. நான் வரல சார்."

"பேனரத்தான் அன்னைக்கே கழட்டிட்டேனேம்மா."

"கழட்டுனா போச்சா சார்?"

அவள் அழவில்லை. புறப்படும்போது பால்பாண்டி வாசல்வரை கூடவே வந்தார். "மனசுல வச்சுக்கிராதீக பாய். நீங்க நல்லதுக்குத்தான செஞ்சீக" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. ராஜேஸ்வரி அம்மாவும் நாலைந்து தடவை போய்ப் பேசிப் பார்த்தார். அவள் அசையவில்லை. அந்த மாதமே தேவாரத்தில் ஒரு கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போய்விட்டாள். இரண்டு வருடத்தில் கல்யாணம் ஆனது. எனக்கும் பத்திரிகை வைத்தார்கள். போக மனசு வரவில்லை.

அதற்கப்புறம் படம் போட்டு எத்தனையோ சார்ட் செய்தேன். சிலேட்டு, பென்சில், குடம், தென்னைமரம் என்று எதையாவது போடுவேன், ஆள் முகத்தைப் போடமாட்டேன். சார்ட்டில் ஒரு படம் பத்துப் பேர் என்பதெல்லாம் நாம் வைத்துக்கொள்கிற கணக்கு. ஊர் அப்படிப் பார்க்காது. யார் முகம் இருக்கிறதோ அந்த ஆளைத்தான் பார்க்கும்.

ஒருவேளை உங்களுக்கு ஆள் படம் போட்டே ஆகவேண்டி வந்தால் ஒன்று செய்யுங்கள். பிரிண்டுக்கு அனுப்பும் முன் அதை அந்த ஆளிடம் காட்டிவிடுங்கள். நான் அந்த சார்ட்டை ராஜேஸ்வரி அம்மாவிடம் காட்டினேன், ஹெட்மாஸ்டரிடம் காட்டினேன், கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன். கவிதாவிடம் மட்டும் காட்டவில்லை.